பெல்பாட்டம் போட்ட குதிரைகள்... அந்த முடியை வெட்டலாமா, விடலாமா?

இன்ஸ்டாவில் ரெண்டு குதிரை வீடியோ பார்த்தா போதும், மூணாவதா அது வந்துடும். கறுப்பு வெள்ளைத் திட்டு போட்ட குதிரை, ஸ்லோமோஷன் ஓட்டம், முழங்காலுக்குக் கீழே பெல்பாட்டம் பேன்ட் மாதிரி பறக்கிற முடி. கமென்ட் முழுக்க ஹார்ட்டின்தான். ஆனா, அந்த முடிக்கு உள்ளே அரிப்பும் புண்ணும் இருந்தா வீடியோவில் தெரியாது. பல நேரம் குதிரை வச்சிருக்கிறவருக்கே தெரியாது. பிரச்னையே அங்கேதான் ஆரம்பிக்குது.

எந்தக் குதிரைக்கு இந்த முடி?

ஆங்கிலத்தில் இதுக்குப் பேர் ஃபெதர். இறகுன்னு அர்த்தம். நாம கால்முடின்னே சொல்லிக்கலாம். இங்கிலாந்தின் ஷையர், ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல், நெதர்லாந்தின் ஃப்ரீஷியன், பிரிட்டன், அயர்லாந்து நாடோடி மக்கள் வளர்த்த ஜிப்ஸி காப்... இவங்கதான் இந்த ஃபேஷனின் சூப்பர் ஸ்டார்கள். ஷையரும் கிளைட்ஸ்டேலும் ஏர் உழவும் வண்டி இழுக்கவும் வளர்த்த பெரிய ஜாதிகள். பெரிய ஷையர் ஒண்ணு கிட்டத்தட்ட ஒரு டன் எடை வரும். அமெரிக்காவில் மதுவிலக்கு தளர்ந்த 1933-ல் பட்வைசர் கம்பெனி தன் வண்டியில் பூட்டி ஊர்வலம் விட்டதும் கிளைட்ஸ்டேல் குதிரைகளைத்தான். இன்னிக்கும் அந்தக் கம்பெனியின் அடையாளமே அந்த வெள்ளைக் கால்முடிதான்.

நம்ம நாட்டு மார்வாரி, கத்தியவாரி குதிரைகளுக்குக் கால் மெலிசு, முடியும் குட்டை. வறண்ட ராஜஸ்தானிலும் குஜராத்திலும் வளர்ந்த ஜாதிகளுக்கு கம்பளி சாக்ஸ் எதுக்கு? ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவின் குதிரைச் சந்தைக்குப் போனவங்க இந்த மெலிசான கால்களைப் பார்த்திருப்பீங்க. அதுவே இமாச்சலின் பனி மலைக்குப் போனா, ஸ்பிட்டி மட்டக்குதிரைக்குக் கால்ல நீளமான, முரட்டு முடி இருக்கும். குளிர் ஊர், குளிருக்கு ஏத்த டிரஸ்.

முடி குறைவான குதிரைக்கும் குளம்புக்கு மேலே, கணுக்காலின் பின்பக்கம் ஒரு சின்னக் கொத்து முடி இருக்கும். உடம்பிலும் காலிலும் வழியற தண்ணீர் அந்தக் கொத்து வழியா சொட்டிக் கீழே போயிடும். குதிகால் பள்ளத்தில் தேங்காது. நம்ம ஓட்டு வீட்டு இறவாணம் மாதிரி. அதனால முடி வேஸ்ட் கிடையாது. அதுக்கும் ஒரு வேலை இருக்கு.

ஜவ்வாது மலை மழையில் யோசிச்சுப் பாருங்க

ஜவ்வாது மலைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜமுனாமரத்தூர் பக்கம் மார்கழிக் காலையில் பைக் ஓட்டியவங்களுக்குத் தெரியும், புல் நுனியெல்லாம் பனி சொட்டும். மழை விட்டாலும் ஒத்தையடிப் பாதைச் சேறு சீக்கிரம் காயாது. இந்த மாதிரி இடத்தில் ஒரு மட்டக்குதிரையோ கழுதையோ நடந்தா, அதோட கால் நாள் முழுக்க ஈரத்தில்தான் இருக்கும்.

ரோடு போகாத மலை ஊர்களுக்கு இந்தக் கால்கள்தான் லாரி. கொடைக்கானல் பக்கம் வெள்ளகவிக்கு அரிசி மூட்டை ஏறினது குதிரை முதுகில்தான். தர்மபுரி மாவட்டம் கோட்டூர் மலைக்கு ஓட்டு மெஷின் போனது கழுதை முதுகில்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு குதிரை நொண்டினா, ஒரு குடும்பத்தோட வருமானமும் அன்னிக்கே நொண்டும். கால்முடி விஷயத்தை பியூட்டி டிப்ஸ்னு தள்ளிவிட முடியாததுக்கு இதுதான் காரணம்.

முடிக்குள்ள மூணு வில்லன்கள்

முதல் வில்லன், சேத்துப்புண். நாள் கணக்கா நனைஞ்ச தோல் ஊறிப் போய் வெடிக்கும். டெர்மடோஃபிலஸ் என்ற பாக்டீரியா அந்த வெடிப்பு வழியா உள்ளே போகும். பொருக்கு கட்டும், அடியில் நீர் கசியும், தொட்டா குதிரை காலை இழுத்துக்கும். வெள்ளை முடி உள்ள கால்களில் அடித்தோலும் வெளுப்பா இருக்கும். அந்தத் தோலுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகம்.

ரெண்டாவது, கோரியாப்டிஸ் என்ற உண்ணி. கண்ணுக்குச் சட்டுனு தெரியாத சைஸ். தோலைத் துளைக்காது. மேலே உட்கார்ந்து உதிர்ற செதில்களைத் தின்னும். அடர்ந்த முடிதான் அதுக்கு பங்களா. குளிர் மாசங்களில் தொல்லை கூடும். குதிரை ராத்திரியெல்லாம் தரையை உதைக்குது, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்க்குது, தன் காலைத் தானே கடிக்குதுன்னா இது மேலதான் முதல் சந்தேகம் வரணும். இதே உண்ணி மாடு, ஆடுகளிடமும் உண்டு. எல்லாத்தையும் ஒரே கொட்டகையில் கட்டுறவங்க இதைக் கவனிக்கணும்.

மூணாவது, நாள்பட்ட நிணநீர் வீக்கம். ஷையர், கிளைட்ஸ்டேல், பெல்ஜியன் மாதிரி பெரிய ஜாதிகளில் வர்ற இந்த நோயைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2003-ல் விரிவா எழுதினாங்க. காலில் இருந்து நிணநீர் மேலே ஏறாம தேங்கும். கால் வீங்கும், தோல் தடிக்கும், மடிப்பு மடிப்பா முடிச்சு விழும். நம்ம ஊர் யானைக்கால் நோய் ஞாபகம் வருதா? அங்கே ஃபைலேரியா புழு காரணம். இங்கே புழு இல்லை, பரம்பரையா வர்ற குறைன்னு கருதுறாங்க. ஆனா, கவனிக்கிற முறை அதேதான்: கழுவு, மடிப்புக்குள்ள வரைக்கும் ஈரம் துடை, சின்னப் புண்ணையும் விடாதே. முழுசா குணமாக்க வழி இல்லை. சீக்கிரம் கண்டுபிடிச்சா நோயின் வேகத்தைக் குறைக்கலாம். அடர்ந்த முடி இருந்தா, சீக்கிரம் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்.

சரி, வெட்டணுமா?

தோல் நல்லா இருந்தா வெட்ட வேண்டிய அவசியமில்லை. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது முடியை விலக்கி, விரலால் தோலைத் தடவிப் பாருங்க. பொருக்கு, சூடு, வீக்கம், நாத்தம் எதுவும் இல்லைன்னா அப்படியே விட்டுடலாம். நீளமா இருந்தா மட்டும் தரையில் இழுபடாத அளவுக்கு நுனியை ட்ரிம் பண்ணலாம்.

உண்ணியோ புண்ணோ வந்துட்டா கதை வேற. மருந்து தோலில் படணும். முடி குடை மாதிரி தடுத்தா, ஊத்தின மருந்தெல்லாம் முடிக்குத்தான் போகும். அப்போ வெட்டித்தான் ஆகணும். நிணநீர் வீக்கம் உள்ள குதிரைக்கு முடியைக் குட்டையாவே வச்சிருக்கிறது நல்லது.

ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒருநாள் வெட்டின முடி பழைய நீளத்துக்கு வளரப் பல மாசம் ஆகும். சில குதிரைக்கு ஒரு வருஷமும் தாண்டும். அதனால கொட்டுற மழைக்கு நடுவில் அழகுக்காக ஒட்ட வெட்டுறது வேண்டாம். சேறு நேரா தோலில் படும், குத்துற கட்டை முடியும் தோலை உரசும்.

கத்தரி எடுக்கறதுக்கு முன்னால்

* முதல் நாளே கால்களைக் கழுவி, முழுசா காயவிடுங்க. ஈரமும் மண்ணும் உள்ள முடியில் கிளிப்பர் பிளேடு சிக்கி இழுக்கும். வலிச்சா குதிரை உதைக்கும்.
* பழக்கமான ஒருத்தர் தலைக்கயிற்றைப் பிடிச்சுக்கட்டும். நீங்க காலுக்குப் பக்கவாட்டில் நில்லுங்க. நேர் பின்னால் நிக்காதீங்க. குந்தி உட்காரலாம். முட்டி போடவோ சம்மணம் போடவோ கூடாது, அவசரத்துக்கு எழுந்து விலக முடியாது.
* கிளிப்பர் சத்தத்தை முதலில் தூரத்தில் கேட்க விடுங்க. அப்புறம் ஓடுற மெஷினைப் பிடிச்ச கையின் பின்பக்கத்தைத் தோளில் வைங்க. குதிரை அமைதியானதும் மெல்லக் காலுக்கு இறங்குங்க.
* முடி வளர்ந்த திசையிலேயே ஓட்டினா கொஞ்சம் நீளம் மிஞ்சும். எதிர்த்திசையில் ஓட்டினா ஒட்ட வெட்டும். நோய்க்காக வெட்டும்போதுதான் ரெண்டாவது தேவை.
* கணுக்காலுக்குப் பின்னால் முடிக்குள்ள நகம் மாதிரி ஒரு சின்னக் கொம்புத் துண்டு இருக்கும். அது உடம்போட பாகம், அதைச் சேர்த்து வெட்டிடாதீங்க.
* குதிகால் மடிப்பில் காலைத் தூக்கிப் பிடிச்சு, தோலை விரலால் இழுத்துச் சமமாக்கி வெட்டுங்க. கத்தரின்னா நடுவில் ஒரு சீப்பை வச்சுக்கோங்க.
* அடிக்கடி பிளேடைத் தொட்டுப் பாருங்க. சூடாச்சுன்னா நிறுத்துங்க.
* ஒரு குதிரைக்குப் போட்ட பிளேடைக் கிருமிநாசினியில் சுத்தம் பண்ணாம அடுத்த குதிரைக்குப் போடாதீங்க. உண்ணியும் படர்தாமரையும் அதுலதான் லிஃப்ட் கேட்டுப் போகும்.

வெட்டின பிறகுதான் வேலையே

பொருக்கைப் பிய்ச்சு எடுக்காதீங்க. ஊறவச்சு, அதுவா கழண்டா எடுங்க. கழுவினா துணியால் ஒத்தி, மடிப்பு வரைக்கும் உலர்த்தணும். கால்முடிக் குதிரைகளை ஷோவுக்குத் தயார் பண்றவங்க ஈர முடியில் மெல்லிய மரத்தூள் தேய்ப்பாங்க. அது ஈரத்தையும் உறிஞ்சும், முடியையும் புசுபுசுன்னு ஆக்கும். புண் இல்லாத காலுக்கு மட்டும்தான் அது. சேறோட வர்ற குதிரையை உடனே தண்ணியில் முக்கி எடுக்கணும்னு இல்லை. காயவிட்டு பிரஷால் தட்டினாலே பெரும்பாலும் உதிர்ந்துடும்.

உண்ணின்னு உறுதியானா, ஒரு குதிரைக்கு மட்டும் மருந்து போடுறதில் பிரயோஜனம் இல்லை. கூட கட்டியிருக்கிற எல்லாத்துக்கும் ஒரே நேரத்தில் போடணும். முட்டையிலிருந்து அடுத்த செட் வெளியே வரும், அதனால டாக்டர் சொல்ற இடைவெளியில் திரும்பவும் போடணும். உதிர்ந்த முடி, பழைய வைக்கோல், சாக்கு எல்லாத்தையும் அப்புறப்படுத்துங்க. உடம்பை விட்டு விழுந்த உண்ணி வாரக்கணக்கில் உயிரோட இருக்கும்.

மாட்டுக்கு வாங்கி வச்ச ஊசி மருந்தைக் குதிரைக்கும் போட்டுப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த உண்ணி தோல் மேலேயே வாழுறதால, உள்ளே கொடுக்கிற மருந்து பல நேரம் முழுப் பலன் தராது. எதை, எவ்வளவுன்னு கால்நடை மருத்துவர்தான் சொல்லணும். அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

அடுத்த ட்ரிப்பில் எந்த மலையிலாவது குதிரை சவாரிக்கு ஏறப் போறீங்களா? செல்ஃபிக்கு முன்னாடி ஒரு நிமிஷம் குனிஞ்சு அதோட காலைப் பாருங்க. தரையை உதைச்சுக்கிட்டே இருந்தாலோ, கணுக்கால் வீங்கியிருந்தாலோ, முடியில் பொருக்கு ஒட்டியிருந்தாலோ ஏறாதீங்க. குதிரைக்காரர்கிட்ட, "அண்ணே, கால்ல ஏதோ புண் இருக்கு போல, பாருங்க"ன்னு பக்குவமா சொல்லிடுங்க. ஒருநாள் சவாரி போனா போகட்டும், அவருக்கும் அந்தக் குதிரைக்கும் அடுத்த மாசம் முழுக்க வேலை இருக்கு.