மறுபடியும் வருமா? கட்டியிடமே விடை தேடும் அறிவியல்

வயிற்று வலி என்று ஸ்கேன் எடுக்கப்போன அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கட்டி இருப்பது தெரியவருகிறது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறார். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சாமான் வாங்கிய கையோடு பார்க்க வரும் உறவினர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “முழுசா எடுத்துட்டாங்களா? மறுபடியும் வராதே?”

சிறுநீரகப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித் தற்செயலாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. தொடக்கத்தில் வலி இருக்காது. சிறுநீரில் ரத்தம் கலப்பது போன்ற அறிகுறிகளும் பலருக்குத் தென்படுவதில்லை. சிங்கப்பூர் ஆண்களிடையே அதிகம் காணப்படும் பத்துப் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று.

உறவினர்களின் கேள்விக்கு மருத்துவர்களாலும் அடித்துச் சொல்ல முடிவதில்லை. ஒரே அளவுக் கட்டியை அகற்றிக்கொண்ட இருவரில் ஒருவர் இருபது ஆண்டுகள் நலமாக வாழலாம். மற்றவருக்கு இரண்டே ஆண்டுகளில் நுரையீரலிலோ எலும்பிலோ நோய் தலைகாட்டலாம். இந்த வேறுபாட்டை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் தடயங்களைத்தான் ‘உயிர்க்குறியீடுகள்’ என்கிறார்கள். அவை கட்டியிலுள்ள மரபணு மாற்றங்களாக இருக்கலாம். ரத்தத்தில் கலந்த புரதமாகவோ ரத்த அணுக்களின் எண்ணிக்கையாகவோ இருக்கலாம்.

ஐந்து பேர் யார்?

இந்தத் தடயம் ஏன் தேவை என்பதை ஒரு மருந்தின் கதை சொல்லும். அறுவை சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு, ‘பெம்ப்ரோலிசுமாப்’ என்ற நோயெதிர்ப்பு மருந்து ஓராண்டு வரை கொடுக்கப்படுகிறது. 994 பேர் பங்கேற்ற அனைத்துலக ஆய்வின் முடிவு 2024ஆம் ஆண்டு வெளியானது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, மருந்து பெற்றோரில் ஏறத்தாழ 91 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். மருந்து பெறாதோரில் அது 86 விழுக்காடு.

நல்ல செய்திதான். ஆனால், கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மருந்து இல்லாமலேயே நூற்றுக்கு 86 பேர் நான்கு ஆண்டுகளைக் கடந்திருக்கிறார்கள். கூடுதலாகப் பிழைத்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். மருந்தின் செலவையும், தைராய்டு பாதிப்பு போன்ற பக்கவிளைவுகளையும் எதிர்கொள்ள வேண்டியவர்களோ நூறு பேரும். அந்த ஐந்து பேர் யார் என்று முன்பே தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சிங்கப்பூரின் பங்கு

இந்தத் தேடலில் சிங்கப்பூருக்கும் இடமுண்டு. சிறுநீரகப் புற்றுநோயில் மிகப் பரவலானது, நுண்ணோக்கியில் உயிரணுக்கள் வெளிறித் தெளிவாகத் தெரியும் ‘தெளிவணு’ வகை. 2011ஆம் ஆண்டு பன்னாட்டுக் குழு ஒன்று இவ்வகைக் கட்டிகள் 227ஐ ஆராய்ந்தது. அவற்றில் 92 கட்டிகளில் ‘பிபிஆர்எம்1’ என்ற மரபணு பழுதடைந்திருந்தது. சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் பேராசிரியர் டே பின் தியன் அக்குழுவின் முக்கிய ஆய்வாளர்களில் ஒருவர்.

2015ல் டாக்டர் டான் மின் ஹான் உள்ளிட்ட சிங்கப்பூர் ஆய்வாளர்கள் இன்னொரு படி முன்னேறினர். அகற்றப்பட்ட கட்டியில் எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு தீவிரமாக இயங்குகின்றன என்று அளந்து, நோயாளிகளைப் பிரிவுகளாக வகுத்தனர். பிரிவுக்குப் பிரிவு வாழ்நாள் மட்டுமன்றி, மருந்துக்குக் கிடைக்கும் பலனும் வேறுபட்டது.

‘கிம்-1’ என்ற புரதமும் இப்போது கவனம் ஈர்க்கிறது. சிறுநீரகம் காயப்படும்போது வெளிப்படும் இப்புரதம், புற்றுநோய் கண்டறியப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே சிலரது ரத்தத்தில் கூடுதலாக இருந்ததை 2018ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது.

சாதாரண ரத்தப் பரிசோதனை

ஆனாலும், இவற்றில் எதுவும் இன்னும் அன்றாட மருத்துவத்தில் வழக்கமான பரிசோதனையாகவில்லை. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ‘பிஎஸ்ஏ’ இருப்பதுபோல் சிறுநீரகத்துக்கென்று ஒன்று இன்னும் அமையவில்லை. கட்டியின் அளவு, பரவல், உயிரணுக்களின் தோற்றம் ஆகியவற்றைக் கொண்டே அபாயம் இன்றும் கணிக்கப்படுகிறது.

நோய் உடலில் பரவியிருந்தால், 2009ல் டாக்டர் டேனியல் ஹெங் குழுவினர் வகுத்த ஆறு அம்சப் பட்டியல் உதவுகிறது. ஹீமோகுளோபின் குறைவு, கால்சியம் மிகுதி, நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் மிகுதி, பிளேட்லெட் மிகுதி ஆகிய நான்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிபவை. அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் குறைந்திருப்பதும், நோய் கண்டறியப்பட்ட ஓராண்டுக்குள்ளேயே மருந்து தேவைப்படுவதும் மற்ற இரண்டு. ஒன்றுமே இல்லையென்றால் நிலைமை சாதகம். ஒன்று, இரண்டு என்றால் நடுத்தரம். மூன்றும் அதற்கு மேலும் கடுமை. எந்த மருந்துக் கூட்டு பொருத்தம் என்பதை முடிவுசெய்வதில் இதற்குப் பங்குண்டு.

கணிப்பு ஜாதகமாகாது

‘கடுமை’ என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பமே இடிந்துபோகிறது. சில வீடுகளில் நோயாளியிடமே மறைத்துவிடுகிறார்கள். இந்தக் கணிப்புகள் நூற்றுக்கணக்கானோரின் சராசரி. உங்கள் அப்பா அந்தச் சராசரிக்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். கட்டி எந்த வகை, எந்த நிலை? நோய் திரும்பும் அபாயம் எவ்வளவு? அதற்கேற்ப எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன்? அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். உறவினர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் அப்போது அவரிடமே இருக்கும்.