உங்களுக்குத் தெரியுமா? யாகுசா: சேர ஒரு கோப்பை, விலக ஐந்து வருடம்

ஜப்பானின் தாதா கும்பல்களுக்கு 'யாகுசா' என்ற பெயர் சீட்டாட்டத்திலிருந்து வந்தது. யா என்றால் 8, கு என்றால் 9, சா என்றால் 3. கூட்டினால் 20. அந்த ஆட்டத்தில் கடைசி இலக்கம்தான் கணக்கு என்பதால், கையில் இருப்பது பூஜ்யம். ஒன்றுக்கும் உதவாத சீட்டு! அதுவே அவர்களுக்குப் பெயராகிவிட்டது.

★ வெறுமனே யாகுசா உறுப்பினராக இருப்பது அங்கே குற்றமில்லை. வாசலில் பெயர்ப்பலகை மாட்டிய அலுவலகங்கள், விசிட்டிங் கார்டு எல்லாம் வெளிப்படையாக இருந்த காலமும் உண்டு. 1992-இல் அமலுக்கு வந்த சட்டம்கூட இந்தக் கும்பல்களைத் தடை செய்யவில்லை. பட்டியலிட்டுக் கட்டுப்படுத்துகிறது, அவ்வளவே.

★ சேரும்போது தலைவரோடு சாக்கே மது அருந்தும் சடங்கு நடக்கும். அந்தக் கோப்பை கைமாறியதும் தலைவர் தகப்பன், வந்தவன் பிள்ளை. பெற்ற அப்பாவுக்கு இரண்டாம் இடம்தான்.

★ தப்பு செய்தவன் சுண்டுவிரல் நுனியை வெட்டித் துணியில் சுற்றித் தலைவரிடம் கொடுக்க வேண்டும். ஏன் சுண்டுவிரல்? வாளை இறுகப் பிடிக்க அந்த விரல்தான் முக்கியம். அது குறைந்தால் தனியாகச் சண்டை போட முடியாது. தலைவரின் நிழலிலேயே கிடக்க வேண்டும். தண்டனை மாதிரி தெரிந்தாலும், உண்மையில் அது ஒரு கால்கட்டு.

★ கும்பலிலிருந்து நீக்கப்பட்டால் மற்ற கும்பல்களுக்கெல்லாம் தபால் அட்டை பறக்கும். கறுப்பு மையில் அச்சிட்டிருந்தால் என்றைக்காவது மன்னிப்பு கிடைக்கலாம். சிவப்பு மை என்றால் திரும்பி வரும் பேச்சே இல்லை.

★ சரி, தானாகவே விலகி வந்தவர் கதி? இங்கேதான் வேடிக்கை. வேடிக்கை என்றா சொல்வது, கொடுமை. 2011 அக்டோபருக்குள் ஜப்பானின் 47 மாகாணங்களிலும் யாகுசாவோடு கொடுக்கல் வாங்கல் கூடாது என்ற விதி வந்துவிட்டது. வங்கிகளும் செல்போன் நிறுவனங்களும் வீட்டு உரிமையாளர்களும் ஒப்பந்தத்திலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். விலகிவிட்டதாகப் பொய் சொல்லி நுழைபவர்களைத் தடுக்க இன்னொன்றும் சேர்ந்தது: விலகி ஐந்து வருடம் ஆகாதவரும் உறுப்பினர் மாதிரியே. வங்கிக் கணக்கு இல்லை என்றால் சம்பளம் போட வழியில்லை. ஏன் இல்லை என்று முதலாளி கேட்டால் பழைய கதை வெளியே வரும். செல்போன் இல்லாமல் வேலை தேடுவதே பெரும்பாடு. திருந்தி வந்தவனை மறுபடியும் அந்த வாசலுக்கே விரட்டுகிற ஏற்பாடு இது என்று அங்கேயே பலர் சொல்ல, 2022-இல் காவல்துறையே வங்கிகளிடம், திருந்தியவர்களுக்குக் கணக்குத் தொடங்க உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டது.

★ பள்ளித் தோழிகளின் கொடுமை தாங்காமல் 14 வயதில் உயிரை விடத் துணிந்தவர் மிட்சுயோ ஓஹிரா. 16 வயதில் ஒரு யாகுசாவுக்கு மனைவி. முதுகு முழுக்கப் பச்சை குத்தல். அந்த வாழ்க்கையை விட்டு வந்தபிறகு, அப்பாவின் நண்பர் ஒருவர் விடாமல் துரத்திப் படிக்கச் சொன்னார். வீடு, மனை விற்பனைக்கான தேர்வில் தொடங்கி, ஒவ்வொன்றாகத் தாண்டி, 29 வயதில் முதல் முயற்சியிலேயே வழக்கறிஞர் தேர்வில் வென்றார். 2003-இல் ஒசாகா நகரின் துணை மேயர்! அவர் எழுதிய வாழ்க்கைக் கதை 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. முதுகில் இருந்த பச்சையை அவர் ஒளித்துப் பேசவே இல்லை.

★ கோபேயில் யாமாகுச்சி கும்பல் ஹாலோவீன் நாளில் தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துவந்தது. 2020-இல் அதற்கும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். மிட்டாய்க்குத் தடைச் சட்டம் போட்ட ஊர் வேறெங்காவது இருக்குமா?

★ 1963-இல் யாகுசாவில் சுமார் 1,84,000 பேர். 2024 முடிவில் 18,800 பேர். பாதிக்கு மேல் ஐம்பதைத் தாண்டியவர்கள். இளைஞர்கள் திருந்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தலைவன் முகமே தெரியாமல், செல்போனில் வரும் 'பகுதிநேர வேலை'க்கு ஆள் போகும் புதுவகைக் கொள்ளைக் கூட்டங்கள் முளைத்துவிட்டன. அங்கே கோப்பையும் இல்லை, தபால் அட்டையும் இல்லை.

★ கிதாகியூஷு நகரில் குதோ கும்பலின் தலைமையகம் இடிக்கப்பட்டுவிட்டது. அந்த மனையை வாங்கியது, வீடற்றவர்களுக்காக உழைக்கும் ஒரு தொண்டு நிறுவனம்.

★ விலகி வந்தவர்களில் சிலர் தேடிப் போவது செயற்கை விரல் செய்பவரை. நேர்முகத் தேர்வில் கையை மேசைக்கு அடியில் எவ்வளவு நேரம் ஒளிப்பது? சிலிக்கோனில் ரேகை, நகம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். தோல் நிறம் மாறும் என்பதால் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்குச் சற்று வெளிறிய இன்னொன்று என வாங்கி வைத்துக்கொள்பவர்களும் உண்டு.