அறுகம்புல்: வயலில் எதிரி, வரப்பில் காவல்!

ஒரு புல்லைத் திட்டிக்கொண்டே பிடுங்குகிறார்கள். அதே புல்லைப் பறித்து வந்து பிள்ளையாருக்குச் சாத்திக் கும்பிடுகிறார்கள்.

அதுதான் அறுகம்புல்.

திருவாரூர் மாவட்டத்தில் உள்ள திருத்துறைப்பூண்டி, காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி. அங்கே வரப்பு, வாய்க்கால் கரை, வீட்டுக் கொல்லை எல்லா இடத்திலும் இந்தப் புல்லைக் காணலாம்.

வெட்டினாலும் முளைக்கும்

நெல் விவசாயிக்கு அறுகு பழைய எதிரி. தரைக்கு மேலே கொடியாக ஓடும். மண்ணுக்குள்ளும் தண்டு ஓடும். கணுவுக்குக் கணு வேர் விடும்.

மண்வெட்டியால் கொத்தினால் ஒழியாது. கணு உள்ள துண்டு மண்ணில் கிடந்தால் போதும், மறுபடி முளைத்துவிடும்.

கோடை உழவுதான் இதற்கு நல்ல மருந்து. உழும்போது தண்டுகள் மேலே வரும். சித்திரை வெயிலில் காய்ந்து சாகும்.

ஆலமரத்துக்குச் சமம்

"ஆல் போல் தழைத்து, அறுகு போல் வேரூன்றி" வாழ வேண்டும் என்று மணமக்களைப் பெரியவர்கள் வாழ்த்துவது வழக்கம். காலில் மிதிபடும் புல்லை ஆலமரத்தோடு சேர்த்தது ஏன்?

2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் இந்தப் பகுதியைத் தாக்கியது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன. ஆனால், தரையோடு படிந்து, அடிக்கு அடி வேர் பிடித்த புல்லைக் காற்று என்ன செய்யும்? வாழ்த்தின் பொருள் இதுதான்.

பெயரில் ஒரு விஷயம். பலர் "அருகம்புல்" என்று எழுதுகிறார்கள். "அருகு" என்றால் பக்கம். புல்லின் பெயர் "அறுகு".

மேல்நாட்டார் இதைப் "பெர்முடா புல்" என்பார்கள். விளையாட்டு மைதானங்களில் விரும்பி வளர்க்கிறார்கள். மிதித்தாலும் மீண்டும் தழைப்பதே காரணம்.

வரப்பு வழுக்கையானால்...

இப்போது களைக்கொல்லி வந்துவிட்டது. சிலர் வரப்பிலும் தெளித்துவிடுகிறார்கள். வேரோடு புல் கருகுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெறும் மண் கரைகிறது. வரப்பு உடைந்தால் வயலில் தண்ணீர் நிற்காது. போட்ட உரமும் அதோடு போகும்.

முன்னோர் வழி வேறு. வயல் பக்கம் இறங்கும் புல்லை மண்வெட்டியால் சீவி, அண்டை வெட்டுவார்கள். வரப்பின் தலையில் உள்ள புல்லை விட்டுவிடுவார்கள். அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மாட்டுக்கும் தீவனம் ஆகும்.

வயலுக்குள் வந்த அறுகை ஒழிக்கத்தான் வேண்டும். வரப்பில் இருப்பதை விட்டுவைத்தால், மழைக்காலத்தில் அது வயலைக் காக்கும்.