உப்பு எந்த வாசலில் போகிறது?

மாவடுவில் கல்லுப்பைப் போட்டு ஜாடியை மூடி வையுங்கள். நாம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவேண்டாம். ஓரிரு நாளில் வடு சுருங்கி, அடியில் தண்ணீர் கசிந்து நிற்கும். உப்பு அதிகமாக இருக்கும் பக்கம் தண்ணீர் போகும்.

நுரையீரலின் காற்றுக்குழாய் தன் உட்சுவரை ஈரமாக வைத்திருப்பதும் இந்தக் கணக்கில்தான். சுவரிலுள்ள செல்கள் குளோரைடை வெளியே விடுகின்றன. கூடவே சோடியம் போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். சளி இளகி, தானாக மேலேறி வந்துவிடும். குளோரைடு வெளியேறும் வாசல் சி.எஃப்.டி.ஆர். என்ற புரதம், 1480 அமினோ அமிலங்கள் கோத்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் பழுதாவது இதுதான். பெரும்பாலான நோயாளிகளிடம், மரபணுவின் ஒரு பிரதியிலாவது, 508-ஆவது இடத்தில் இருக்கவேண்டிய ஃபினைல்அலனின் விடுபட்டிருக்கும். 1480-இல் ஒன்றுதான் குறைகிறது, ஆனாலும் புரதம் சரியாக மடிவதில்லை. செல்லே அதைக் கழிவென்று சிதைத்துவிடுகிறது. வாசல் சவ்வுக்கு வந்தே சேர்வதில்லை. உப்புப் போடாத ஜாடியில் தண்ணீர் வடுவுக்குள்ளேயே தங்கிவிடும் அல்லவா? இங்கே அது செல்லுக்குள் தங்க, வெளியே சளி பசையாக இறுகுகிறது, கிருமிகள் குடியேறுகின்றன.

சரி, ரத்த செல்கள்? சிவப்பணுவில் குளோரைடு ஓயாமல் போய்வருகிறது. திசுக்களில் கரியமில வாயு உள்ளே வந்து பைகார்பனேட்டாக மாறி வெளியேறும்போது, அதற்கு ஈடாக ஒரு குளோரைடு உள்ளே நுழையும். நுரையீரலில் இது அப்படியே தலைகீழ். ஒன்று போனால் ஒன்று வரும் இந்தப் பண்டமாற்றைச் செய்வது பேண்ட் 3 என்ற வேறு புரதம். ஒரு சிவப்பணுவில் சுமார் 10 லட்சம் இருக்கும். நோயாளிக்கும் அது ஒழுங்காகவே வேலை செய்கிறது. ரத்தம் கரியமில வாயுவைச் சுமப்பதில் அதனால் தடையில்லை.

வெள்ளணுக்களின் கதை வேறு. நுரையீரலில் சதை எடுப்பதைவிடக் கையில் ஊசி குத்துவது எவ்வளவோ மேல் என்பதால் ஆய்வாளர்கள் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்களையும் சோதித்தார்கள். சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சைகை கிடைத்ததும் இயல்பான செல்களில் குளோரைடு வாசல் திறந்தது. நோயாளிகளின் செல்களில் திறக்கவில்லை. இந்த ஆய்வு வெளியான 1989-இல்தான் சி.எஃப்.டி.ஆர். மரபணுவும் 7-ஆவது குரோமோசோமில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் லிம்போசைட்டுக்கு நனைக்கவேண்டிய சளி கிடையாது. மூச்சுக்குழாயில் பார்க்கும் அந்த விபரீதம் இங்கே தெரியாது.

நோயை உறுதிசெய்ய இன்றும் முதலில் அளப்பது வியர்வையைத்தான். வியர்வை நாளத்தில் இதே வாசல் உப்பை உடலுக்குள் திரும்ப இழுக்கவேண்டும். அது நடக்காவிட்டால் வியர்வை கரிக்கும். லிட்டருக்கு 60 மில்லிமோல் குளோரைடோ அதற்கு மேலோ இருந்தால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று கொள்வார்கள். ரத்தம் எடுப்பது, வெள்ளணுவின் டி.என்.ஏ.வில் எந்த எழுத்து பிசகியது என்று படிக்க.