சுவரில் உள்ள துளையும் ஒரு வாயிலே

வங்கிக் கிளைகளின் சுவரோரங்களில் வலையமைப்புக் கம்பியைச் செருகும் துளைகள் சிலவற்றைக் காணலாம். காத்திருக்கும் ஒருவர் தம் மடிக்கணினியை அதில் இணைத்தால் என்ன நேரும்? பெட்டக அறையின் பூட்டைப் பற்றி வினவுவோர் உண்டு. இதை வினவுவோர் அரியர். தடையின்றி இணைப்புக் கிடைக்குமாயின், வாடிக்கையாளரின் கணக்கு விவரங்கள் செல்லும் வலையமைப்பினுள் அயலார் ஒருவர் புகுந்துவிட்டார் என்றே பொருள்.

இதைத் தடுக்க வகுக்கப்பட்டதே 802.1எக்ஸ் என்னும் தரநிலை. ஐ.இ.இ.இ. அமைப்பு இதனை 2001இல் வெளியிட்டது. சுவர்த்துளைகளிலிருந்து வரும் கம்பிகள் சுவிட்ச் என்னும் கருவியின் போர்ட்டுகளில் வந்து சேர்கின்றன. இத்தரநிலை நடைமுறையில் உள்ள போர்ட், தொடக்கத்தில் பூட்டியே இருக்கும். அடையாளம் காட்டுவதற்கான செய்திகளைத் தவிர வேறெதையும் அது உள்ளே விடாது. செருகிய கணினிக்கு ஐ.பி. முகவரிகூடக் கிடைக்காது.

அடையாளத்தைக் கேட்பது சுவிட்ச்; ஆயினும் விடையை ஆராய்வது அதுவன்று. ரேடியஸ் என்னும் சர்வருக்கு அதனை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். நாம் செலுத்தும் பிற வங்கிக் காசோலையும் இவ்வாறே: பெற்றுக்கொள்வது நம் வங்கி, கையொப்பத்தைச் சரிபார்ப்பது காசோலை எந்த வங்கியின் மீது வரையப்பட்டதோ அந்த வங்கி. சர்வர் ஏற்றுக்கொண்டால் போர்ட் திறக்கும். அக்கணினி வலையமைப்பின் எப்பிரிவில் சேர வேண்டும் என்பதையும் சர்வரே கூறலாம். கம்பியைக் கழற்றியதும் போர்ட் மீண்டும் பூட்டிக்கொள்ளும்.

அடையாளச் சான்று கடவுச்சொல்லாகவோ டிஜிட்டல் சான்றிதழாகவோ இருக்கலாம். பின்னதே மேலானது என்பது என் கருத்து. சான்றிதழுக்குரிய தனித்திறவுகோல் கணினியை விட்டு வெளியே செல்வதில்லை. ஊழியரை ஏமாற்றிக் கேட்டுப் பெறவும் இயலாது.

அச்சுப்பொறி, பழைய கண்காணிப்புக் கேமரா போன்றவை இவ்வினாவுக்கு விடையளிக்க அறியா. அவற்றை மேக் முகவரி எனப்படும் வன்பொருள் எண்ணைக் கொண்டு அனுமதிப்பது வழக்கம். அவ்வெண்ணைப் போலியாக அமைப்பது எளிது. அச்சுப்பொறியின் அடிப்புறச் சீட்டிலேயே அது அச்சிடப்பட்டிருப்பதும் உண்டு! எனவே இத்தகைய கருவிகளைத் தனிப்பிரிவில் ஒதுக்கி, அவற்றுக்குத் தேவையான தொடர்பை மட்டுமே அளித்தல் வேண்டும்.

இன்னொரு வழியும் இருந்தது. அனுமதி பெற்ற கணினிக்கும் சுவர்த்துளைக்கும் இடையே சிறு கருவி ஒன்றைப் பொருத்தி, திறந்த போர்ட்டின் வழியே அயலார் நுழையக்கூடும். 2010ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு விடை கண்டது. சான்று ஏற்கப்பட்ட பின் கணினியும் சுவிட்சும் தமக்குள் ஒரு மறைதிறவுகோலை ஏற்படுத்திக்கொண்டு, கம்பியில் செல்லும் தரவு முழுவதையும் மறையாக்கம் செய்ய அது வழிவகுத்தது. இடையில் நுழைபவர் அனுப்பும் தரவைச் சுவிட்ச் ஏற்காது.