மாடியில் இரண்டு இன்வெர்ட்டர், திரையில் ஒன்றுதான்

மாடியில் இருக்கும் சோலார் இன்வெர்ட்டர் எத்தனை யூனிட் தருகிறது என்பதைச் செல்போனிலோ கணினியிலோ காட்டுவது கண்காணிப்பு மென்பொருள். ஒரே இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இது பெரும்பாலும் தொந்தரவு தராது. இரண்டு, மூன்று என்று சேரும்போதுதான் வம்பு தொடங்குகிறது. ஒன்று தெரியும், மற்றொன்று தெரியாது. அல்லது இரண்டும் மாறி மாறித் தெரியும். எல்லாம் தெரிந்தாலும் கூட்டுத்தொகை ஈபி மீட்டரோடு ஒட்டாது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஒரே வீட்டில் இரண்டு இன்வெர்ட்டர் சேர்வதற்குத் தமிழ்நாட்டின் மின்சார வரலாறே காரணம். 2012-இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டி மின்வெட்டு நிலவியது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் மாநில அரசு சூரிய மின் கொள்கையை வெளியிட்டது. அந்தக் காலத்தில் வசதியுள்ளவர்கள் வைத்தது பேட்டரியோடு கூடிய சிறிய அமைப்பு. 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்து, ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் கிடைக்கத் தொடங்கியதும், அதே மாடியில் ஈபி லைனோடு இணையும் இன்வெர்ட்டர் ஏறியது. பழையது ஒரு கம்பெனி, புதியது வேறு கம்பெனி. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும் என்று யாரும் நினைத்துச் செய்தவை அல்ல.

இன்வெர்ட்டரில் பிறக்கும் கணக்கு செல்போனுக்கு வருவதற்குள் பல கைகள் மாறுகிறது. இன்வெர்ட்டரின் அடியில் செருகியிருக்கும் வைஃபை ஸ்டிக், வீட்டு ரூட்டர், கம்பெனியின் சர்வர், கடைசியாக ஆப். கணினியில் நேரடியாகப் பார்ப்பவர்களுக்கு வழி வேறு: ஆர்எஸ்-485 என்னும் இரண்டு கம்பி இணைப்பு இன்வெர்ட்டரிலிருந்து இறங்கி, யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகக் கணினிக்குள் போகும். பழுது இந்தச் சங்கிலியில் எங்கும் இருக்கலாம். பலரும் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவதிலிருந்து தொடங்குகிறார்கள். அது சங்கிலியின் கடைசிக் கண்ணி. தேட வேண்டியது மறுமுனையிலிருந்து.

முதல் வேலை, மாடிக்குப் போய் இன்வெர்ட்டரின் சொந்தத் திரையையோ விளக்கையோ பார்ப்பது. அங்கே வாட் எண் ஓடிக்கொண்டிருந்தால் உற்பத்தி நடக்கிறது, செய்திதான் வரவில்லை. அங்கேயும் பூஜ்யம் என்றால் அது மென்பொருள் பழுதே அல்ல. சூரியன் மறைந்ததும் ஈபியோடு இணைந்த இன்வெர்ட்டர்கள் பலவும் தூங்கிவிடும். இரவு எட்டு மணிக்கு ‘ஆஃப்லைன்’ என்று வருவதைக் கண்டு பதற வேண்டியதில்லை. பகலில் கரண்ட் போனாலும் இவை நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு வீட்டிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. ஐஎஸ் 16169 என்னும் இந்தியத் தரநிலை இதற்காகவே இருக்கிறது. கரண்ட் போனால் ரூட்டரும் அணைந்துவிடும் என்பதால், அந்த நேரத்துக்கான செய்தி இரண்டு காரணத்தால் வராமல் போகிறது.

உற்பத்தி சரி, ஆனால் ஒரு இன்வெர்ட்டர் மட்டும் கணினியில் தெரியவில்லை என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது முகவரியை. ஆர்எஸ்-485 கம்பியில் பெரும்பாலும் ஓடுவது மோட்பஸ் என்னும் பேச்சுமுறை. இதில் கணினி ஒவ்வொரு இன்வெர்ட்டரையும் எண் சொல்லிக் கூப்பிடும். 1 முதல் 247 வரை எந்த எண்ணும் வைக்கலாம். பல இன்வெர்ட்டர்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே முகவரி 1 என்றுதான் வருகின்றன. ஒன்றாம் எண்ணைக் கூப்பிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும், பதில்கள் கம்பியில் மோதிச் சிதையும். திரையில் சில நொடி எண்கள், பிறகு வெறுமை, பிறகு வேறொன்றின் எண்கள் என்று மாறி மாறி வருவது இதன் அடையாளம். சோதிப்பது எளிது. ஒரு இன்வெர்ட்டரின் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, மற்றது ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மாற்றிப் பார்க்க வேண்டும். தனித்தனியாக இரண்டும் நன்றாக வந்து, சேர்த்தால் கெட்டுப்போனால் முகவரி மோதல்தான் முதல் காரணமாக இருக்கும். ஒன்றின் மெனுவில் போய் எண்ணை 2 ஆக்கி, மென்பொருளிலும் 2 என்று சேர்த்தால் தீரும்.

முகவரி வேறாக இருந்தும் தகராறு நீடித்தால், கேட்பவர் இருவரா என்று பார்க்க வேண்டும். இந்தக் கம்பியில் கேள்வி கேட்கும் உரிமை ஒருவருக்கு மட்டும். கம்பெனி கொடுத்த, கணக்கைச் சேகரித்து அனுப்பும் டேட்டா லாகர் ஏற்கெனவே அந்தக் கம்பியில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க, அதே கம்பியில் கணினியையும் தொங்கவிட்டால், கூட்டத்தில் இருவர் ஒரே மைக்கைப் பிடித்துப் பேசிய கதைதான். ஒன்றை எடுத்துவிட வேண்டும். வெவ்வேறு கம்பெனி இன்வெர்ட்டர்களை ஒரே கம்பியில் கோப்பதிலும் இதே அளவு சங்கடம் உண்டு. ஒன்று நொடிக்கு 9600 பிட் வேகத்தில் பேசும், மற்றது 19200-இல் பேசும்; எந்த இடத்தில் எந்த எண் இருக்கிறது என்ற பட்டியலும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆளுக்கொரு கன்வெர்ட்டர் வைப்பது சில நூறு ரூபாய்ச் செலவு. ஒரே கம்பியில் ஒப்பேற்றப் பார்ப்பதைவிட அதுவே மேல்.

கம்பியிலேயே பழுது என்றால் ‘ஏ’, ‘பி’ என்ற இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருப்பது வழக்கமான தவறு. சில கம்பெனிகள் இந்த எழுத்துகளையே தலைகீழாக வைத்திருக்கின்றன. மாற்றிப் போட்டுப் பார்ப்பதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. கம்பியின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும் என்பது பாடநூல் விதி. மாடியிலிருந்து கூடத்துக்கு வரும் இருபது மீட்டர் கம்பிக்கு, மெதுவான வேகத்தில் அது இல்லாமலே வேலை நடக்கும். அதைவிட முக்கியம், பேனல் வயரோடு இந்தச் சன்னக் கம்பியைச் சேர்த்துக் கட்டாமல் இருப்பது. மாடியில் எலியும் அணிலும் கடிக்கும் என்பதால் குழாய்க்குள் விட்டுக் கொண்டுவருவது நல்லது. ஐப்பசியில் இடி விழும் மாலைகளுக்குப் பிறகு, இன்வெர்ட்டர் நன்றாக ஓட, அதன் 485 வாய் மட்டும் கருகிப்போவதும் உண்டு.

கணினிப் பக்கத்தில் மூன்று விஷயம் போதும். யூஎஸ்பி கன்வெர்ட்டரை வேறு துளையில் செருகினால் விண்டோஸ் அதற்குப் புதிய காம் எண் (அந்த இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கொடுத்துவிடும்; மென்பொருளோ பழைய எண்ணிலேயே காத்திருக்கும். ஒரு காம் வாயை ஒரே நேரத்தில் இரண்டு மென்பொருள் திறக்க முடியாது. கணினி தூங்கப் போனால் பதிவும் தூங்கிவிடும். இதனாலேயே பலர் மேசைக் கணினியை விட்டுவிட்டு, நாள் முழுக்க ஓடும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிக்கு மாறிவிட்டார்கள்.

வைஃபை ஸ்டிக்கின் தொல்லைகள் வேறு ரகம். பெரும்பாலான ஸ்டிக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். ஃபைபர் கனெக்‌ஷன் மாற்றி புது ரூட்டர் வந்த அன்றே இரண்டு இன்வெர்ட்டரும் மறைந்துவிடும். பழைய ரூட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே புதியதில் வைத்தால் பாதி வேலை மிச்சம். அமைக்கும்போது ஸ்டிக்கே ஒரு வைஃபையாகத் தெரியும். பல ஸ்டிக்குகளுக்கு உள்முகவரி 10.10.100.254 என்ற ஒரே எண். இரண்டு ஸ்டிக் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எதற்குள் நுழைந்திருக்கிறோம் என்று குழம்பும். ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை ஒப்பிட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகச் செய்வதே வழி. சிம் போட்ட லாகர் என்றால் ரீசார்ஜ் முடிந்திருக்கும். அல்லது 2ஜி மட்டும் தெரிந்த லாகரில், 2ஜி சேவையே இல்லாத ஜியோ சிம்மைப் போட்டிருப்பார்கள்.

எல்லாம் தெரிகிறது, எண் மட்டும் தப்பு என்றால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சீன நேரத்தில் அமைந்த இன்வெர்ட்டர் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னே ஓடும். பெரம்பலூரில் உச்சி வெயில் சுமார் 12.15-க்கு, அந்த இன்வெர்ட்டரின் வரைபடம் 2.45-க்கு உச்சம் தொடும். நம் இரவு 9.30-க்கே அதற்கு நாள் முடிந்துவிடும். இரண்டில் ஒன்றுக்கு மட்டும் இப்படி இருந்தால் கூட்டு வரைபடத்தில் இரண்டு மேடுகள் தெரியும். இன்னொரு கோளாறு, மாலையில் ஒரு இன்வெர்ட்டர் தூங்கியதும் மென்பொருள் அதன் மொத்த யூனிட்டைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வது. வாழ்நாள் கூட்டுத்தொகை சாயங்காலம் விழுந்து, காலையில் எழும். கடைசியாக வந்த எண்ணையே வைத்திரு என்று மென்பொருளில் அமைத்தால் சரியாகும். பேட்டரி இன்வெர்ட்டரில் இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது. சில மென்பொருள்கள் அது வீட்டுக்குத் தரும் மின்சாரம் முழுவதையும் ‘உற்பத்தி’ என்று எழுதும். பேட்டரி ஈபியில் சார்ஜ் ஆகியிருந்தால், அந்தக் கரண்டும் சூரியக் கணக்கில் ஏறிவிடும். பேனலிலிருந்து வரும் எண்ணை மட்டும் எடுக்க வேண்டும்.

கூட்டுத்தொகையைச் சரிபார்க்க நெட் மீட்டர் போதும். ஈபிக்கு ஏற்றுமதியான யூனிட், இன்வெர்ட்டர்களின் உற்பத்தியைவிட அதிகமாக இருக்க முடியாது. உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி ஏற்றுமதியைக் கழித்தால் வீட்டின் செலவு. சோலாருக்கு முந்தைய இரண்டு மாத பில்லோடு அது ஓரளவு ஒத்துப்போக வேண்டும். நல்ல வெயில் நாளில் கிலோவாட்டுக்கு நான்கு யூனிட் என்பது நடைமுறைக் கணக்கு; மூன்று கிலோவாட் அமைப்பு நாளுக்கு 24 யூனிட் காட்டினால், ஒரே இன்வெர்ட்டர் இரண்டு முறை சேர்க்கப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இரண்டு இன்வெர்ட்டர் இருப்பதில் தொல்லை மட்டும் இல்லை, ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி. நண்பகலில் இரண்டும் ஒரே நிமிடத்தில் பூஜ்யத்துக்கு விழுந்து, சில நிமிடத்தில் திரும்பினால் காரணம் ஈபி லைன். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 253-ஐத் தாண்டினால், அமைப்பைப் பொறுத்து இன்வெர்ட்டர்கள் விலகிக்கொள்ளும். லைனின் கடைசி வீட்டில், பக்கத்து வீடுகளும் சோலார் ஏற்றுமதி செய்யும் நேரத்தில் இது நடக்கும். ஸ்டிக் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புகிறது என்றால், அதற்குக் குறைவான வெட்டு வரைபடத்தில் விழாமலே போகலாம். ஒன்று மட்டும் விழுந்தால் குறை அந்த இன்வெர்ட்டரிலோ அதன் வயரிலோ. தினமும் ஒரே நேரத்தில் ஒன்று மட்டும் பள்ளம் விழுந்தால் தண்ணீர்த் தொட்டியின் நிழல். இரண்டும் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கீழிறங்கினால் தூசி. சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் ஆலைகளும் உள்ள அரியலூர்ப் பக்கம் இந்தச் சரிவை முதலில் சந்தேகிக்கலாம். பனியில் நனைந்து இறுகிய சிமென்ட் தூசி சாதாரணத் தண்ணீருக்கு அவ்வளவு எளிதில் போகாது. ஒப்பிடும்போது மொத்த யூனிட்டை அல்ல, கிலோவாட்டுக்கு எத்தனை என்பதை ஒப்பிட வேண்டும். மூன்று கிலோவாட் 12.6 யூனிட்டும், இரண்டு கிலோவாட் 7 யூனிட்டும் தந்தால், முதலாவது 4.2, இரண்டாவது 3.5.

வெவ்வேறு கம்பெனி ஆப்புகள் இரண்டையும் ஒரே திரையில் பார்க்க விரும்புவோர் ஹோம் அசிஸ்டன்ட் போன்ற திறந்த மென்பொருளை நாடுகிறார்கள். கம்பெனி ஆப்பிலேயே இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது கணக்கு யார் பெயரில் என்பதை. அமைத்துக் கொடுத்தவரின் பெயரில் சீரியல் எண் பதிவாகியிருந்தால், உரிமையாளர் அதைத் தன் ஆப்பில் சேர்க்க முடியாது; அவர்தான் மாற்றித் தர வேண்டும். 2024 ஆகஸ்டில் பிட்டிஃபெண்டர் என்னும் பாதுகாப்பு நிறுவனம், இந்தியாவிலும் பரவலாக உள்ள சோலார்மேன், டேயே தளங்களில் பிறர் கணக்குக்குள் நுழையும் ஓட்டைகள் இருந்ததை வெளியிட்டது. அவை பிறகு அடைக்கப்பட்டன. ஸ்டிக்கோடு வந்த பாஸ்வேர்டை அமைக்கும் அன்றே மாற்றி, பழைய நிறுவுநரின் அனுமதியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும்.