முகத்துக்கு எந்த பிரஷ்? தீக்குச்சி சொல்லிவிடும்!

விருதுநகரில் பங்குனிப் பொங்கல் வந்துவிட்டால் கடைவீதியில் பெண்கள் கூட்டம் அலைமோதும். வளையல் வாங்குவார்கள். பொட்டு வாங்குவார்கள். இப்போது இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது. அதுதான் முகத்துக்குப் பவுடர் பூசும் பிரஷ்.

பார்வைக்கு ஒன்றுபோல் இரண்டு பிரஷ். ஒன்று விலை குறைவு. இன்னொன்று பல மடங்கு அதிகம். எதை வாங்குவது? கைப்பிடியைப் பார்த்து ஏமாறாதீர்கள். ரோமத்தைப் பாருங்கள்!

பவுடருக்கு ஆட்டு ரோமம்

ஆட்டு ரோமம் கைக்கு வழவழப்பாக இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் தெரியும். பவுடர் அதில் தங்கிக்கொள்ளும். முகத்தில் தடவும்போது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதனால் திட்டுத்திட்டாகத் தெரியாமல் சீராகப் படியும்.

பன்றி ரோமம் முரடு. சுவருக்கு வர்ணம் அடிக்க ஆகும். முகத்துக்கு ஆகாது.

கிரீமுக்கு நைலான்

கிரீமில் ஆட்டு ரோமத்தைத் தொட்டால் பாதியை அதுவே குடித்துவிடும். நைலான் அப்படி உறிஞ்சாது. எடுத்த கிரீம் முகத்துக்கு வந்து சேரும். கழுவுவது சுலபம். சீக்கிரம் காயும்.

1938-ம் ஆண்டு அமெரிக்காவில் நைலான் முதன்முதலாகக் கடைக்கு வந்ததே பல் துலக்கும் பிரஷாகத்தான். இன்று பவுடர் பூசவும் மெல்லிய செயற்கை இழைப் பிரஷ்கள் கிடைக்கின்றன.

சிவகாசிப் பெண்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். "நைலான் சேலை கட்டிக்கொண்டு பட்டாசு ஆலைக்கு வராதே என்கிறார்களே, அதை முகத்தில் வைக்கலாமா?"

தாராளமாக வைக்கலாம். ஆலையில் உள்ள ஆபத்து வேறு. நைலான் துணி உரசினால் மின்சாரம் உண்டாகும். ஒரு பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ளும். அங்கே பருத்தி ஆடை உடுத்துவதும், அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொடுவதும் அதற்காகத்தான். முகத்துக்கு அந்தப் பயம் இல்லை.

தீக்குச்சி சோதனை

வாங்கி வந்தது ரோமமா, நைலானா? பிரஷிலிருந்து ஒரே ஒரு இழையைப் பிடுங்குங்கள். பட்டாசு, மருந்து எதுவும் இல்லாத இடத்தில் இடுக்கியால் பிடித்து, தீக்குச்சியைக் காட்டுங்கள். தலைமயிர் கருகும் நாற்றம் வந்து சாம்பலானால் ரோமம். உருகி மணி போலத் திரண்டால் நைலான்.

கீரி ரோமம் வேண்டாம்!

ஆனால் எந்த மிருகத்தின் ரோமம் என்பதைத் தீக்குச்சி சொல்லாது. அதைக் கடைக்காரரிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

காரணம், கீரிப்பிள்ளை! அதன் ரோமம் ஓவியர்களின் பிரஷுக்குப் பேர்போனது. வெளுப்பும் பழுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும். ஒரு கிலோ ரோமத்துக்குச் சுமார் 50 கீரிகள் சாகின்றன. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரியைக் கொல்வது குற்றம். அதன் ரோமத்தை விற்பதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. பிரஷ் தொழிலுக்குப் பெயர்பெற்ற உத்தரப் பிரதேசத்து ஷேர்கோட்டில் அதிகாரிகள் சோதனை நடத்திக் கீரி ரோமத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

"அசல் ரோமம்" என்று மட்டும் சொன்னால், "எதன் ரோமம்?" என்று கேளுங்கள். பதில் இல்லையா? நைலானே போதும்.

கழுவுவது எப்படி?

வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். பிரஷின் முனை கீழ்நோக்கி இருக்கட்டும். பூணுக்குள் தண்ணீர் புகுந்தால் பசை விட்டு ரோமம் உதிரும். படுக்கை வாக்கில் நிழலில் உலர்த்துங்கள். கல்யாண வீடானாலும் ஒருவர் பிரஷை இன்னொருவர் முகத்தில் வைக்காதீர்கள். தோல் நோய் தொற்றும்.

குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த கீரிப்பிள்ளையை அவசரத்தில் கொன்றுவிட்டு அழுத தாயின் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நம் முக அழகுக்காக அந்தக் கீரி இன்னொரு முறை சாக வேண்டுமா?